பச்சிளங்குழந்தையின் மூச்சுக்கும் மூளையில் சுரக்கும் செரோடோனினுக்கும் என்ன தொடர்பு?

குறைமாதத்தாய் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் 29 வாரத்தில், 1,180 கிராம் எடையோடு பிறந்தான். 47 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. கணக்குப்படி அவன் பிறந்திருக்க வேண்டிய தேதியே சில நாட்களுக்கு முன்புதான் கடந்தது.

மருத்துவமனையில் முதல் மூன்று வாரமும் ஒரே நாளில் பல முறை அவனுக்கு மூச்சு நின்றுபோகும். திரையில் எண்கள் சரியத் தொடங்கியதும் அலாரம் அடிக்கும். இரவுப் பணியிலிருந்த செவிலியர் எந்தப் பதற்றமும் இல்லாமல் வந்து, கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டுத் துளை வழியே கையை விட்டு, அவன் உள்ளங்காலை இரண்டு முறை சுண்டிவிடுவார். அவன் நெளிந்து, முகத்தைச் சுளித்து, மறுபடி மூச்சு விடுவான். எனக்குத்தான் அதற்குள் உயிர் போய் உயிர் வரும். "மூளைத்தண்டு இன்னும் முதிரவில்லை, முதிர்ந்தால் தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்லிக் காஃபீன் கொடுத்தார்கள். அதன்படியே சரியாகியும் விட்டது.

வீட்டுக்கு வந்தபின் இது பற்றிப் படிக்கத் தொடங்கியதில், தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறந்துபோகும் குழந்தைகளின் மூளைத்தண்டில் செரோடோனின் குறைவாக இருந்ததாக ஒரு செய்தி கண்ணில் பட்டது. அன்றிலிருந்து என் தூக்கம் போயிற்று. மனநிலையோடு தொடர்புடையது என்று நாம் கேள்விப்படும் ஒரு பொருளுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? என் மகனுக்கு அது குறைவா என்று எப்படி அறிவது? வாழைப்பழமும் பாலும் செரோடோனினைக் கூட்டும் என்று ஒரு காணொளியில் சொன்னதைக் கேட்டு மாமியார் எனக்கு நாள்தோறும் கொடுத்துவருகிறார். அது தாய்ப்பால் வழியாக அவனுக்குப் போய்ச் சேருமா?

வீட்டில் யாரிடமும் கேட்க முடியாத ஒன்றும் இருக்கிறது. கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்திலிருந்து மனச்சோர்வுக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த செர்ட்ராலின் மாத்திரையை எடுத்துவந்தேன். இதற்கெல்லாம் அதுதான் காரணமா?


உடலியங்கியல் வாத்தியார் எழுதிய பதில்:

அம்மா, உங்கள் முதல் ஐயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். மாத்திரை பற்றிய கேள்விக்கு மருத்துவர் ஒருவர் பதில் எழுதுவதே முறை.

செரோடோனின் என்ற பெயருக்கும் மனநிலைக்கும் தொடர்பே கிடையாது. 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மாரிஸ் ராபோர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகியோர் ரத்த நாளங்களை இறுகச் செய்யும் ஒரு பொருளை ரத்தச் சீரத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். சீரம் என்பதையும் இறுக்கத்தைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார்கள். அது மூளையிலும் இருக்கிறது என்று பெட்டி ட்வாராக் காட்டியது 1953இல். உடலிலுள்ள செரோடோனினில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு குடலைச் சேர்ந்தது. மூளையில் அதைத் தயாரிக்கும் நரம்பணுக்கள் எண்ணிக்கையில் சொற்பம், அவையும் மூளைத்தண்டின் நடுக்கோட்டை ஒட்டிய ரேஃபே என்னும் திட்டுகளில்தான் கூடியிருக்கின்றன. ரேஃபே என்றால் கிரேக்கத்தில் தையல். இடப்பாதியையும் வலப்பாதியையும் சேர்த்துத் தைத்த இடம் போலத் தெரிவதால் அந்தப் பெயர். மேல் திட்டுகளிலிருந்து கிளம்பும் இழைகள் பெருமூளைக்குப் போகின்றன. மனநிலை பற்றி நாம் கேள்விப்படுவதெல்லாம் பெரும்பாலும் இவற்றைச் சேர்ந்தது. கீழே, முகுளத்தில் உள்ள திட்டுகளின் இழைகளோ மூச்சையும் இதயத் துடிப்பையும் உடல் வெப்பத்தையும் நடத்தும் இடங்களுக்கும் தண்டுவடத்துக்கும் செல்கின்றன. பெயர் ஒன்றே ஆனாலும் ஊழியம் வேறு. உங்கள் மகன் விஷயத்தில் பேச வேண்டியது இந்தக் கீழ்த் திட்டுகளைப் பற்றித்தான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுகிறேன். மூச்சின் தாளத்தைப் போடுவது செரோடோனின் அன்று. அந்த வேலை முகுளத்திலேயே உள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தினுடையது. ஜெஃப்ரி ஸ்மித்தும் ஜாக் ஃபெல்ட்மனும் தம் குழுவினரோடு 1991இல் அடையாளம் காட்டிய அதற்குப் பிரீபாட்சிங்கர் தொகுதி என்று பெயர். (பாட்சிங்கர் என்பது 1978இல் ஜெர்மனியில் நடந்த ஒரு கூட்டத்தில் மேசை மேலிருந்த வெள்ளை ஒயின் பாட்டிலின் பெயர். அருகிலிருந்த பகுதிக்கு முதலில் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். அறிவியலில் பெயர்கள் இப்படியும் பிறக்கும்.) நாதஸ்வரக் கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். தவில் தாளம் நடத்துகிறது, பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதிக்கொண்டே இருக்கிறார். அவர் ராகம் வாசிப்பதில்லை, யாரும் அவரைக் கவனிப்பதும் இல்லை. ஆனால் அந்தச் சுருதி நின்றால் எல்லாம் தடுமாறும். ரேஃபே நரம்பணுக்கள் விழித்திருக்கும்போது விநாடிக்குச் சில முறை என்று நிதானமாகத் துடித்துக்கொண்டே இருந்து, தாளம் போடும் கூட்டத்தையும், நாக்கையும் தொண்டையையும் தொய்யாமல் பிடித்து வைக்கும் நரம்புகளையும், உதரவிதானத்தை இயக்கும் நரம்புகளையும் தளராமல் வைத்திருக்கின்றன.

இந்தத் துடிப்பு ஒரே சீராக எப்போதும் இருப்பதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். ஆழ்ந்த தூக்கத்தில் அது தணிகிறது. கண்விழிகள் அசையும் கனவுத் தூக்கத்தில் ஏறக்குறைய அடங்கியே போகிறது. பிறந்த குழந்தை நாளில் பதினாறு மணி நேரம் போலத் தூங்குகிறது, அதில் பாதியளவு கனவுத் தூக்கத்தை ஒத்த அசைவுத் தூக்கம். ஒத்து ஊதுபவர் மிகவும் தணிந்து ஊதும் நேரத்தில்தான் குழந்தை தன் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறது என்று சொல்லலாம்.

இந்த நரம்பணுக்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இவற்றில் பல, மூளைத்தண்டுக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய தமனிகளை ஒட்டி அமைந்திருக்கின்றன. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் இவை வேகமாகத் துடிப்பதை ஜார்ஜ் ரிச்சர்சனும் அவர் குழுவினரும் எலிகளில் காட்டினார்கள். கரியமில வாயுவைக் கண்காணிக்கும் இடங்கள் மூளையில் வேறும் உண்டு. அவற்றில் எது தலையாயது என்ற வழக்கு நெடுநாளாக நடக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. நமக்கு வேண்டியது இதுதான்: எலிக்குஞ்சின் இந்த நரம்பணுக்கள் பிறந்தவுடனே கரியமில வாயுவுக்கு நன்றாக எதிர்வினை காட்டுவதில்லை. ஏறக்குறைய இரண்டு வாரம் கடந்த பின்புதான் அந்தத் திறன் தேறுகிறது. உணரும் கருவி இருக்கிறது, ஆனால் பிறக்கும்போதே முழுத் தேர்ச்சியோடு வருவதில்லை.

செரோடோனின் நரம்பணுக்களே இல்லாமல் பிறக்கும் சுண்டெலிகளை வைத்து ரிச்சர்சன் குழுவினர் செய்த சோதனைகள் இதைத் தெளிவாக்கின. வளர்ந்த எலிகள் ஓய்வில் ஏறக்குறைய இயல்பாகவே மூச்சு விட்டன. கரியமில வாயு கூடிய காற்றைக் கொடுத்தபோது அவற்றின் மூச்சு மற்ற எலிகளுக்கு ஏறிய அளவில் பாதியே ஏறியது. குளிரில் உடல் வெப்பத்தைக் காக்கவும் அவற்றால் முடியவில்லை. 2010இல் வந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: கரியமில வாயு ஏறும்போது மற்ற எலிகள் தூக்கம் கலைந்து எழுந்தன, இவை எழவில்லை. குஞ்சுகளிலோ நிலைமை மோசம். முதல் இரண்டு வாரங்களில் அவற்றுக்கு நீண்ட நேரம் மூச்சு நின்றது, பல இறந்தன. அந்தக் காலத்தைத் தாண்டியவற்றுக்கு மூச்சு சீராயிற்று. வயது வந்த உடலில் மறைந்து கிடக்கும் ஒரு குறை, பிறந்த சில நாட்களில் உயிரையே எடுப்பதாக இருக்கிறது.

இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். குழந்தை தூங்குகையில் காற்றில் ஆக்சிஜன் குறைந்தாலோ கரியமில வாயு கூடினாலோ, முதலில் ஒரு பெருமூச்சு வரும். பிறகு உடல் திடுக்கிட்டு அசையும், தலை திரும்பும், அதன் பின் விழிப்பும் அழுகையும் வரும். பெரும்பாலும் இத்துடன் ஆபத்து விலகிவிடும். இவை எதுவும் நடக்காவிட்டால் மூச்சு நிற்கும், இதயத் துடிப்பு சரியும். அப்போதும் உடல் கைவிடுவதில்லை. இடைவெளி விட்டு விட்டு, வாய் திறந்து, கேவல் மூச்சுகள் வரும். ஒவ்வொரு கேவலும் கொஞ்சம் ஆக்சிஜனை இதயத்துக்குக் கொண்டுசேர்க்கும், துடிப்பு ஏறும், பிறகு இயல்பான மூச்சு திரும்பும். தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் இந்தத் திறன் எல்லாப் பாலூட்டிகளின் குட்டிகளுக்கும் உண்டு. செரோடோனின் நரம்பணுக்களில் பெரும்பகுதியை இழந்த எலிக்குஞ்சுகளில் இந்த மீட்சி தாமதமாகிறது. மூச்சுத் தடையை மீண்டும் மீண்டும் உண்டாக்கினால், ஒரு குறிப்பிட்ட வயதில் கேவல் வந்தும் இதயத் துடிப்பு ஏறுவதில்லை. அமெரிக்காவின் டார்ட்மவுத்தில் யூஜின் நாட்டியும் கெவின் கம்மிங்ஸும் இந்த வழியில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள்.

பால் குடிக்கும் குழந்தைக்குப் பொருந்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கக்கிய பாலோ உமிழ்நீரோ குரல்வளையின் வாயைத் தொட்டால், அது நுரையீரலுக்குள் இறங்காதபடி உடல் மூச்சையே ஒரு கணம் நிறுத்திவிடும். வளர்ந்தவர்களாகிய நாம் இருமுவோம், பச்சிளங்குழந்தைக்கு மூச்சு நிற்கும். இந்த நிறுத்தம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதுதான் கேள்வி. உடல் வெப்பம் ஏறினால் அது நீள்கிறது, செரோடோனின் அதைச் சுருக்குகிறது என்று குட்டி விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். குழந்தையை அளவுக்கு மீறிப் போர்த்தக் கூடாது என்று சொல்வதற்குப் பின்னால் இப்படி ஒரு காரணமும் இருக்கலாம்.


குழந்தைநல மருத்துவர் எழுதிய பதில்:

சகோதரி, வாத்தியார் விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் மகனுக்கு வந்தது குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் தடை. 20 விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலோ, அதைவிடக் குறைவான நேரமே நின்றாலும் கூடவே இதயத் துடிப்போ ஆக்சிஜனோ சரிந்தாலோ அப்படிச் சொல்கிறோம். 28 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய எல்லாருக்கும் இது வரும். பெரும்பாலும் கர்ப்பத் தொடக்கத்திலிருந்து எண்ணும் கணக்கில் 37 வாரத்தை எட்டும்போது நின்றுவிடும், மிகவும் முன்கூட்டிப் பிறந்தவர்களுக்கு இன்னும் சில வாரம் பிடிக்கலாம். காஃபீன் செரோடோனின் வழியாக வேலை செய்வதில்லை. மூச்சை அடக்கும் அடினோசின் என்ற பொருளின் கையைக் கட்டிப்போடுகிறது. 2006இல் முதல் முடிவுகள் வெளியான ஒரு பெரிய பன்னாட்டுச் சோதனையில் (அதில் சேர்ந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் தற்செயலாக 2006தான்) காஃபீன் கொடுத்த குழந்தைகளுக்கு நாட்பட்ட நுரையீரல் பாதிப்பும் குறைந்திருந்தது. எனவே உங்கள் மகனுக்குக் கிடைத்தது சரியான மருந்துதான்.

அடுத்து, எல்லாப் பெற்றோரும் குழப்பிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் திடீர்ச் சிசு மரணம் (நீங்கள் படித்த, தூக்கத்தில் காரணம் தெரியாமல் வரும் இறப்பு) நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வந்த மூச்சுத் தடை அதற்கு முன்னறிவிப்பு அன்று. அடிக்கடி மூச்சு நின்ற குழந்தையையும் நிற்காத குழந்தையையும் இந்த வகையில் வேறாகப் பார்க்க முகாந்திரம் இல்லை.

வாழைப்பழத்தில் செரோடோனின் இருப்பது மெய்தான். அது குடலோடு நின்றுவிடும். ரத்தத்திலுள்ள செரோடோனின் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி மூளைக்குள் போகாது. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. தாய்ப்பாலில் டிரிப்டோஃபான் இருக்கிறது. மாமியார் அன்போடு கொடுக்கும் பழத்தையும் பாலையும் உங்கள் பசிக்காகச் சாப்பிடுங்கள், மருந்தாக நினைக்க வேண்டாம். கடையில் விற்கும் மாத்திரை, பொடி எதையும் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

செர்ட்ராலின் பற்றி. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இவ்வகை மாத்திரைகளை எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு முதல் சில நாட்கள் நடுக்கம், சிணுங்கல், வேக மூச்சு போன்றவை வந்து தாமாகவே அடங்கும். நுரையீரல் ரத்த அழுத்தம் இறங்காமல் போகும் அரிய கோளாறும் சிறிதளவு கூடலாம். 2015இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் எண்ணிக்கைப்படி, ஆயிரத்தில் 2 என்பது 3 ஆவது போல. உங்கள் மகனின் மூச்சுத் தடையோ 29 வாரத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் வரக்கூடியது. அதற்கு மாத்திரையைத் தேடிப் போக வேண்டியதில்லை. தாய்ப்பாலில் செர்ட்ராலின் மிகக் குறைவாகவே கலக்கிறது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் தூக்கம் போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள், அதை உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். நான் எழுதியவற்றில் எனக்கு மிக அவசரமாகப் படுவது அதுதான்.


ஐயவாதி எழுதிய பதில்:

நான் நோய்க்குறியியல் படித்தவன். வாத்தியாரின் விளக்கம் அழகாக இருக்கிறது என்பதே எனக்கு உறுத்துகிறது. எலியிலிருந்து மனிதக் குழந்தைக்கு அவர் தாண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது.

மனிதரில் நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஹன்னா கின்னி பல்லாண்டுகள் நடத்திய பிரேதப் பரிசோதனை ஆய்வுகளிலிருந்து வந்தது. 2006இல் அவர் குழு வெளியிட்ட முடிவைப் பாருங்கள். திடீர்ச் சிசு மரணத்தில் இறந்த குழந்தைகளின் முகுளத்தில் செரோடோனின் நரம்பணுக்கள் குறைவாக இல்லை, கூடுதலாக இருந்தன! அவற்றில் பல முதிராத தோற்றத்தில் இருந்தன, செரோடோனினைப் பற்றிக்கொள்ளும் ஓர் ஏற்பி குறைந்திருந்தது. 2010இல்தான் செரோடோனினின் அளவையே அளந்தார்கள். ஒரு ரேஃபே திட்டில் அது 26 விழுக்காடும், அதைத் தயாரிக்கும் நொதி 22 விழுக்காடும் குறைவாக இருந்தன. தாய் படித்த செய்தி இதிலிருந்து கிளம்பியதாகத்தான் இருக்கும். ஆனால் ஒப்பிடுவதற்குக் கிடைத்த மற்றக் குழந்தைகள் ஒற்றை இலக்க எண்ணிக்கையில்தான் இருந்தார்கள். வேறு காரணங்களால் இறந்த பச்சிளங்குழந்தைகளின் மூளைத்தண்டு ஆய்வுக்கு எளிதில் கிடைப்பதில்லை, இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆயினும் எண் சிறிது என்பது சிறிதுதான். 2017இல் அதே வட்டாரத்திலிருந்து வந்த ஆய்வில், இறந்த குழந்தைகளில் 31 விழுக்காட்டினருக்கு ரத்தச் சீரத்தில் செரோடோனின் மிகுந்திருந்தது. நரம்பணு கூடுதல், மூளையில் அளவு குறைவு, ரத்தத்தில் மிகுதி: இவற்றை ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் எவரும் 'செரோடோனின் குறைபாடு' என்று ஒரே சொல்லில் முடிக்க மாட்டார். இறந்த குழந்தைகள் எல்லாரிடமும் இந்த மாற்றங்கள் இருந்ததும் இல்லை.

எலிகளிலும் இதற்கு எதிரொலி உண்டு. 2008இல் இத்தாலியில் ஒரு குழு, செரோடோனின் நரம்பணுக்கள் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ள உதவும் ஏற்பியை அளவுக்கு மிஞ்சிப் பெருகச் செய்தது. நரம்பணுக்கள் அங்கேயேதான் இருந்தன. ஆனால் குறிப்பிட்ட ஒரு வயதுக் காலத்தில் அந்த எலிகளுக்குத் திடீர் திடீரென்று இதயத் துடிப்பும் உடல் வெப்பமும் சரிந்தன, பல இறந்தன. எனவே சரக்கு இருப்பில் இருக்கிறதா என்பதோடு, அது வேண்டிய நேரத்தில் வெளிவருகிறதா என்பதையும் கேட்க வேண்டும். ஒழுங்கு குலைவு என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

'எப்படி அறிவது' என்று தாய் கேட்டதற்கு ஒரே வரியில் பதில்: உயிரோடிருக்கும் குழந்தையின் முகுளத்தில் இதை அளக்க மருத்துவமனைச் சோதனை எதுவும் இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.


உடலியங்கியல் வாத்தியார் மீண்டும் எழுதியது:

ஐயவாதி சொன்ன பள்ளத்தை ஒப்புக்கொள்கிறேன், 'குறைபாடு' என்ற சொல்லுக்கு அவர் சொன்ன மறுப்பையும் சேர்த்து. ஒன்றை மட்டும் அதன்மேல் வைக்கிறேன். கின்னியே செரோடோனினைத் தனிக் காரணமாக நிறுத்தவில்லை. 1994இல் ஃபிலியானோவும் அவரும் முன்வைத்த கருத்துப்படி மூன்று சேர வேண்டும்: உள்ளே ஏற்கெனவே ஒரு பலவீனம், உடல் தன்னைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்டிருக்கும் வயது, வெளியிலிருந்து வரும் ஒரு நெருக்கடி. இரண்டிலிருந்து நான்கு மாதம் வரையிலான வயதில் இந்த இறப்புகள் குவிவதும், ஆறு மாதத்துக்குப் பின் அரிதாவதும் இதனோடு பொருந்துகின்றன. உள்ளே இருக்கும் பலவீனம் செரோடோனினா வேறொன்றா என்ற நம் வழக்கு முடியாவிட்டாலும், வெளி நெருக்கடியை விலக்கலாம். விலக்கியும் காட்டியிருக்கிறார்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 1992இல் அறிவுறுத்தியது, 1994இல் நாடு தழுவிய பரப்புரை தொடங்கியது. 1990இல் அங்கே ஒரு லட்சம் பிறப்புக்கு ஏறக்குறைய 130 ஆக இருந்த திடீர்ச் சிசு மரணம் 2020இல் 38 ஆகியிருந்தது. இந்த இறக்கத்தில் ஒரு பகுதி, மருத்துவர்கள் இறப்புக் காரணத்தை வேறு பெயரில் எழுதத் தொடங்கியதால் வந்தது என்று ஐயவாதி சொல்வார், சொன்னால் சரிதான். முழுவதும் அதனால் வந்ததன்று.


குறைமாதத்தாய் மீண்டும் கேட்டது:

எல்லாருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா, நாளை மறுநாள் என் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

இன்னும் ஒரே ஒரு ஐயம். மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்கிறீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் அவனைக் குப்புறப் படுக்க வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்படி வைத்தால்தான் ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது என்றார்கள். வீட்டிலும் அவன் குப்புறப் போட்டால்தான் அயர்ந்து தூங்குகிறான். பகலில் தூளியில் போடுகிறோம். எது சரி?


இரவுப்பணி எழுதிய பதில்:

அம்மா, நான் பதினோரு ஆண்டுகளாகப் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். உள்ளங்காலைச் சுண்டிவிடும் கைகளில் என் கைகளும் உண்டு. உங்கள் கேள்வியை என்னிடம் கேட்காத தாயே இல்லை, ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது எங்களில் பலர் அதைத் தெளிவாகச் சொல்லி அனுப்புவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அங்கே குப்புறப் படுக்க வைத்தது சரிதான். நுரையீரல் வலுவில்லாத, மெல்லிய மார்புக்கூடு கொண்ட குழந்தைக்கு அந்த நிலையில் மூச்சு எளிதாக இருக்கும். ஆனால் அப்போது அவன் காலில் ஆக்சிஜன் அளவி ஒட்டியிருந்தது, மார்பில் மூன்று கம்பிகள் இருந்தன, சில அடி தூரத்தில் நாங்கள் நின்றோம். 32 வாரக் கணக்கு ஆனதிலிருந்தே, உடல் நிலை இடங்கொடுத்தால், மல்லாக்கப் படுக்கப் பழக்க வேண்டும் என்பதுதான் விதி. வீட்டில் அந்தக் கம்பிகளும் இல்லை, நாங்களும் இல்லை.

குப்புறப் போட்டால் அயர்ந்து தூங்குகிறான் என்கிறீர்கள். அந்த அயர்வுதான் சிக்கல். குப்புறப் படுத்த குழந்தை எளிதில் விழிப்பதில்லை. முகம் மெத்தையில் அழுந்தினால் தான் விட்ட காற்றையே திரும்ப இழுக்கும், கரியமில வாயு ஏறும். உடல் வெப்பமும் வெளியேறாமல் தேங்கும். வாத்தியார் மேலே விவரித்த அந்த உள் காவலர்கள் கவனிக்க வேண்டிய மூன்றும், அதாவது கரியமில வாயு, வெப்பம், விழிப்பு மூன்றும், ஒரே நேரத்தில் கெடும் நிலை அது. மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்று பாட்டிமார் அஞ்சுவார்கள். உண்மையில் மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும், கக்கியது மேலேறிப் போக வேண்டும். குப்புறப் படுத்தால்தான் அது எளிதாக மூச்சுக்குழாயின் வாய்க்கு வரும்.

தூளியில் வளர்ந்தவள்தான் நானும். இருந்தாலும் கழுத்து நிற்காத குறைமாதக் குழந்தைக்கு இப்போது அது வேண்டாம் என்பேன். துணி வளைவதால் முதுகு வளைந்து தாடை மார்பில் படியும், மெல்லிய மூச்சுக்குழாய் மடங்கும், பக்கத் துணி முகத்தை மூடினாலும் வெளியிலிருந்து தெரியாது. அழுகையை அடக்க மடியில் ஆட்டுங்கள், தூங்கியதும் உறுதியான, தட்டையான பாயிலோ மெத்தையிலோ மல்லாக்கக் கிடத்துங்கள். தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் அருகில் இருக்கக் கூடாது. நீங்கள் படுக்கும் அறையிலேயே, உங்கள் படுக்கையை ஒட்டி, ஆனால் தனிப் பரப்பில். வீட்டில் யாராவது புகைத்தால் நிறுத்தச் சொல்லுங்கள், இது மட்டும் பேரம் பேசக் கூடாத ஒன்று. குளித்தபின் காட்டும் சாம்பிராணிப் புகையையும் நான் என் வார்டுத் தாய்மாரிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அது புகையிலையைப் போன்றது என்பதால் சொல்லவில்லை, காஃபீனில் தேறி வந்த நுரையீரலுக்கு எந்தப் புகையும் எதற்கு என்பதால்.

காலில் மாட்டும் கண்காணிப்புக் கருவி வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். திடீர்ச் சிசு மரணத்தைத் தடுக்க அவற்றை நம்ப வேண்டாம் என்றுதான் குழந்தைநலக் கழகங்கள் சொல்கின்றன. நள்ளிரவில் பொய் அலாரம் அடித்து உங்கள் மிச்சத் தூக்கத்தையும் கெடுக்கும். ஆனால் அவன் உதடோ நாக்கோ நீலம் பாரித்தால், உடல் துவண்டால், தட்டி எழுப்பித்தான் மூச்சு வந்தது என்றால், காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முதல் இரண்டு மூன்று இரவுகள் மல்லாக்கப் படுக்க மறுத்து அழுவான். அரை மணிக்கு ஒரு முறை கை கால்களை உதறித் திடுக்கிட்டு எழுவான். அவன் திடுக்கிடுவதைக் குறையாக நினைத்து மறுபடி குப்புறப் போட்டுவிடாதீர்கள். அவன் மூளைத்தண்டு தன் வேலையைச் செய்கிறது.